காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு: பகல்நேர மருத்துவமனையின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் அம்மாவுக்குக் கண்புரை முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு மாடிக் கட்டடத்தில் புதிதாக ஒரு மையம் திறந்திருக்கிறார்கள். வார்டு கிடையாது, கேன்டீன் கிடையாது. "காலையில 7 மணிக்குக் கூட்டிட்டு வாங்க, மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம்" என்கிறார் கவுன்டரில் இருக்கும் பெண். பக்கத்துப் படுக்கைக்காரரோடு பேச்சு, பிளாஸ்க்கில் காபி, இரவில் பெஞ்சில் தூக்கம் என்று நாம் பழகிய ஆஸ்பத்திரி அனுபவம் எதுவும் இதில் இல்லை. நிம்மதிதான். ஆனால் அடுத்து அவர் நீட்டுகிற தாளில் மூன்று வகை லென்ஸ், மூன்று வகை 'பேக்கேஜ்'. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே பெரிய வித்தியாசம். "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்கிறார். "ஒரு நாள்கூடத் தங்கப் போறதில்லையே, இன்சூரன்ஸ் எப்படி வரும்?" என்று நினைத்துக்கொண்டு நீங்கள் கையிலிருந்து பணத்தை எடுக்கிறீர்கள்.

அந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தேவையில்லாமல் பணத்தை இழக்கின்றன. இந்த மையங்கள் எப்படிச் சம்பாதிக்கின்றன என்று தெரிந்தால், அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்பதும் தெரிந்துவிடும்.

பகல்நேர அறுவை சிகிச்சை புதிதாக வந்த விஷயம் அல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற மருத்துவர், ஏறக்குறைய 9,000 குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியதை 1909-லேயே எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 1970-ல் இரண்டு மயக்கவியல் மருத்துவர்கள் இதற்கென்றே தனி மையம் தொடங்கினார்கள். கண்ணுக்கு வழி திறந்தது 1967-ல் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்த 'பேக்கோ' முறை. புரையை ஒலி அதிர்வால் உடைத்து, சில மில்லிமீட்டர் துளை வழியாகவே உறிஞ்சி எடுத்துவிடலாம். முன்பெல்லாம் கண் ஆபரேஷன் ஆனவர்கள் தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுத்திருந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். சின்னத் துளை, சீக்கிரம் தெளியும் மயக்க மருந்து, லேப்ராஸ்கோப்பி ஆகிய மூன்றும் சேர்ந்து கண்புரை, ஹெர்னியா, மூலம், சிறுநீரகக் கல் போன்ற பலவற்றை ஒரு நாள் வேலையாக மாற்றிவிட்டன. டயாலிசிஸ், கீமோதெரபி இரண்டும் ஏற்கெனவே அப்படித்தான் நடக்கின்றன.

கண் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தொடக்கம் 1819. மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஒரு விஷயத்தை உலகத்துக்கே காட்டியது. ஒரே தியேட்டரில், ஒரே நாளில் நிறைய ஆபரேஷன்களை ஒழுங்காகச் செய்தால் ஒரு ஆபரேஷனுக்கான செலவு தானாகக் குறையும். குறைந்த அந்தச் செலவை வைத்துத்தான் அங்கே பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை தர முடிந்தது. 1992-ல் தொடங்கிய ஆரோலேப் உள்நாட்டிலேயே லென்ஸ் தயாரித்ததும் விலை இறங்கியதும் இதன் தொடர்ச்சி. இன்றைய தனியார் பகல்நேர மையங்களும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்பதில் மட்டும்தான் வித்தியாசம்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சாதாரண ஆஸ்பத்திரிக்கு வருமானம் படுக்கையிலிருந்து வருகிறது. அறை வாடகை, நர்சிங் கட்டணம், தினசரி டாக்டர் விசிட், மருந்து என்று நாள் ஏற ஏற பில் ஏறும். பகல்நேர மையத்தில் படுக்கை வருமானம் இல்லை. அங்கே சம்பாதிப்பது ஆபரேஷன் டேபிள்தான். டேபிள் சும்மா இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். பதிலுக்குச் செலவும் குறைவு. மூன்று ஷிப்ட் நர்ஸ் வேண்டாம், ஒரு ஷிப்ட் போதும். ஐ.சி.யூ. கிடையாது. சமையலறை, துணி வெளுப்பு, இரவுக் காவல் எல்லாம் பெயருக்குத்தான். ஆனால் இயந்திரங்கள் விலை அதிகம். மைக்ராஸ்கோப், பேக்கோ இயந்திரம், மயக்க மருந்துக் கருவி பெரும்பாலும் கடனில் வருகின்றன. மாதத் தவணை, கட்டட வாடகை, சம்பளம் மூன்றும் நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் கட்டியே ஆக வேண்டியவை.

கணக்குப் புரிவதற்காக ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம். இது எந்த மையத்தின் உண்மைக் கணக்கும் அல்ல. இந்த நிலையான செலவு மாதம் 9 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். மாதம் 60 ஆபரேஷன் நடந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 15,000 ரூபாய் விழும். 150 நடந்தால் 6,000 ரூபாய்தான். லென்ஸ், மருந்து, ஒருமுறை பயன்படுத்தும் பொருட்கள், சர்ஜன் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். 150 என்பது நாளைக்கு ஆறு ஆபரேஷன். பழகிய கைக்கு ஒரு கண்புரை அரை மணிக்கும் குறைவான வேலை என்பதால் இது ஒன்றும் பெரிய இலக்கு இல்லை. முதல்போட்ட பணம் எடுபட்ட பிறகு வரும் ஒவ்வொரு கூடுதல் நோயாளியும் கிட்டத்தட்ட லாபம்.

முதலீட்டாளர்கள் இந்தத் துறைக்கு வருவதற்குக் காரணம் இதுதான். சென்னையில் 1957-ல் ஒரு கண் மருத்துவமனையாகத் தொடங்கிய குழுமத்தைச் சேர்ந்த டாக்டர் அகர்வால்ஸ் ஹெல்த் கேர் நிறுவனம், 2025 ஜனவரியில் 3,000 கோடி ரூபாய்க்கு மேல் பங்கு வெளியீடு செய்தது. அதில் நிறுவனத்துக்கே போகும் புதிய பங்கு 300 கோடி ரூபாய்தான். மீதியெல்லாம் ஏற்கெனவே பணம் போட்டிருந்தவர்கள் விற்ற பங்கு. ஒரு நாள் சிகிச்சையில் பணம் போட்டால் நல்ல விலைக்கு வெளியே வரலாம் என்று சந்தை நம்புகிறது என்பதே இதன் பொருள். தப்பு ஒன்றும் இல்லை. அப்படி வந்த முதலீட்டால்தான் சின்ன ஊர்களிலும் நல்ல கருவிகள் வந்திருக்கின்றன, மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏற வேண்டிய அலைச்சல் குறைந்திருக்கிறது.

ஆனால் டேபிள் காலியாக இருக்கக் கூடாது என்ற அவசரம் மூன்று விதமாக உங்களிடம் வந்து சேரும்.

முதலாவது, ஆள் சேர்ப்பு. இலவசப் பரிசோதனை முகாம், தெருமுனை பேனர், "உடனே பண்ணிடுங்க" என்ற போன். முகாம் நல்லதுதான், அதனால் பார்வை திரும்பியவர்கள் ஏராளம். ஆனால் கண்புரை, ஹெர்னியா போன்றவை பெரும்பாலும் ஒரே வாரத்தில் முடிவெடுக்க வேண்டிய அவசரங்கள் அல்ல. இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு வர நேரம் இருக்கிறது. அரசு மருத்துவமனையின் புறநோயாளி சீட்டே இரண்டாவது கருத்துக்குப் போதும். நோயாளியை அனுப்புவதற்காக ஒரு டாக்டர் இன்னொருவரிடம் கமிஷன் வாங்குவதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே தடை செய்கின்றன. "இந்த மையத்துக்கு மட்டும்தான் போகணும்" என்று யாராவது வற்புறுத்தினால், ஏன் என்று கேளுங்கள்.

இரண்டாவது, லென்ஸ். ஆபரேஷன் கட்டணத்தில் போட்டி அதிகம், அதனால் அதில் லாபம் மெலிந்துவிட்டது. லாபம் இப்போது 'மேலே' இருக்கிறது. தூரப் பார்வைக்கு மட்டுமான மோனோபோகல், சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கான டோரிக், கிட்டம் தூரம் இரண்டுக்குமான மல்டிபோகல் என்று படி ஏற ஏற விலையும் ஏறும். விலை உயர்ந்த லென்ஸ் எல்லாருக்கும் நல்ல லென்ஸ் ஆகிவிடாது. மல்டிபோகல் போட்டவர்களில் சிலருக்கு இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். ராத்திரி வண்டி ஓட்டுபவருக்கு அது தொந்தரவு. விழித்திரைக் கோளாறு இருப்பவருக்கு அந்தக் கூடுதல் செலவு பலன் தராமலும் போகலாம். "இந்த லென்ஸ் அம்மாவுக்கு ஏன்?" என்று சர்ஜனிடமே கேளுங்கள், கவுன்டரில் அல்ல. லென்ஸ் பெட்டியில் அச்சிட்ட விலை இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கரை பில்லோடு கேட்டு வாங்குங்கள். 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துக்கான சட்டத்தின் கீழ் வருவதால், தயாரிப்பாளர் அச்சிட்ட விலையை 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது.

மூன்றாவது, ரொக்கத்தின் மேல் ஆசை. கேஷ்லெஸ் என்றால் மையத்துக்குப் பணம் உடனே வராது. காப்பீட்டு நிறுவனம் காகிதம் பார்த்து, சிலதை வெட்டி, பிறகு அனுப்பும். தவணை கட்ட வேண்டிய சின்ன மையத்துக்கு இந்தக் காத்திருப்பு கழுத்தைப் பிடிக்கும். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் நியாயம் புரிகிறது. ஆனால் அதற்காக "இப்போ கட்டிடுங்க, அப்புறம் நீங்களே கிளைம் பண்ணிக்கலாம்" என்பதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

இனி இன்சூரன்ஸ். 24 மணி நேரம் படுத்திருந்தால்தான் கிளைம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. அந்த விதிக்கு விலக்காகத்தான் 'டே கேர்' என்ற பிரிவே இருக்கிறது. முன்பு 24 மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டியிருந்த சிகிச்சை, தொழில்நுட்ப வளர்ச்சியால் அதற்குக் குறைவான நேரத்தில் மயக்க மருந்தோ மரத்துப்போகும் ஊசியோ கொடுத்துச் செய்யப்பட்டால் அது டே கேர் சிகிச்சை. புறநோயாளியாகவே செய்யக்கூடியது இதில் சேராது. கட்டி உடைத்துக் கட்டுப் போட்டது, பல் பிடுங்கியது போன்றவற்றுக்கு இந்தப் பெயரில் பணம் வராது.

இடத்துக்கும் நிபந்தனை உண்டு. ஆஸ்பத்திரி என்றால் 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, பெரிய ஊரில் 15 படுக்கை வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த வரையறை. டே கேர் மையத்துக்குப் படுக்கை எண்ணிக்கை கிடையாது. ஆனால் தகுதி பெற்ற நர்சும் பொறுப்பு டாக்டரும் இருக்க வேண்டும், சொந்தமாக முழு வசதியுள்ள ஆபரேஷன் தியேட்டர் இருக்க வேண்டும், தினசரி நோயாளிப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். தியேட்டர் இல்லாத கிளினிக்கில் செய்துவிட்டு வந்தால் கிளைம் அடிபடலாம்.

பாலிசியை எடுத்துப் பாருங்கள். காத்திருப்புக் காலம், உச்சவரம்பு என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே நிபந்தனையோடு விற்கும் 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் கண்புரை, ஹெர்னியா, மூலம் போன்றவற்றுக்கு முதல் 24 மாதம் பணம் கிடையாது. கண்புரைக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஒப்புக்கொண்ட கிளைமில் 5 சதவீதம் நாமே ஏற்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் பாலிசி வைத்திருப்பவருக்குக் கண்ணுக்கு 25,000 ரூபாய்தான் எல்லை என்பது பலருக்கு டிஸ்சார்ஜ் அன்றுதான் தெரிகிறது. லென்ஸைத் தேர்வு செய்வதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய எண் அது. உங்கள் பாலிசி வேறாக இருந்தால் எண்களும் வேறாக இருக்கும்.

பலரும் கைவிட்டுவிடும் பணம் ஒன்று இருக்கிறது. அதே பாலிசியில், சேர்வதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பிந்தைய 60 நாள் செலவும் உண்டு. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., ஆபரேஷனுக்குப் பின் வாங்கும் சொட்டு மருந்து, மறு பரிசோதனைக் கட்டணம் எல்லாம் அதில் வரும். பகல்நேர சிகிச்சையில் முக்கால்வாசிக் கவனிப்பு வீட்டில்தான் நடக்கிறது என்பதால், இந்தச் சில்லறை பில்கள் சேர்ந்து கணிசமாகும். மெடிக்கல் ஷாப் பில்லை மருந்துக் கவரோடு தூக்கிப் போடாதீர்கள்.

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதல் மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும். அந்தத் தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். மத்தியானமே வீட்டுக்குப் போகலாம் என்று வந்தவரை ஒப்புதல் வரவில்லை என்று ராத்திரி வரை உட்கார வைத்தால், இந்த விதியைச் சொல்லிப் பேசுங்கள்.

காப்பீடே இல்லாத 60 வயது நிறைந்த பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு, பழைய வரி முறையில் இருப்பவர்கள் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வருமானவரிக் கழிவு கேட்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. அதனால் கார்டிலோ யு.பி.ஐ.யிலோ கட்டி ரசீது வாங்குவது எப்படியும் நல்லது.

தனியாரிடம் போவதற்கு முன் இன்னொரு வழியையும் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. இ-சேவை மையத்தில் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் பதிவு செய்யலாம். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை எல்லாவற்றிலும் எல்லாச் சிகிச்சையும் கிடைக்காது. ஒவ்வொன்றுக்கும் எந்தெந்தப் பிரிவு என்று தனி அனுமதி உண்டு. அதனால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில், நோயின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் சொல்லிக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்குக் கட்டணம் திட்டத்திலிருந்தே போகிறது. அதற்கு மேல் பயனாளியிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் அதே எண்ணில் புகார் சொல்லலாம்.

பணத்தை விடப் பெரிய விஷயம் ராத்திரி. ஐ.சி.யூ. வைக்காததால்தான் இந்த மையங்களின் செலவு குறைகிறது என்று பார்த்தோம். அந்த மிச்சத்தின் மறுபக்கம், ஏதாவது ஆனால் வேறு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். பெரும்பாலும் எதுவும் ஆவதில்லை. ஆனாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷன் முடியும்வரை கூடவே இருப்பாரா? சிக்கல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றுவீர்கள், அவர்களோடு ஏற்பாடு இருக்கிறதா? ஆம்புலன்ஸ் செலவு யாருடையது? ராத்திரி 11 மணிக்கு வலி வந்தால் எந்த எண்ணில் யார் எடுப்பார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் பேக்கேஜ் எவ்வளவு குறைவாக இருந்தாலும் எனக்குத் தயக்கம்தான்.

மாற்ற வேண்டிவந்தால் இரண்டாவது ஆஸ்பத்திரியின் பில் தனி. பாலிசியில் மிச்சத் தொகை இருந்தால் அதற்கும் கிளைம் செய்யலாம். அதற்கு முதல் மையத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும் கையில் இருக்க வேண்டும்.

எல்லாருக்கும் பகல்நேர சிகிச்சை பொருந்தாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், இதயம் பலவீனமானவர், வீட்டில் தனியாக இருப்பவர், ஆபரேஷன் முடிந்து 60 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டியவர் ஒரு ராத்திரி தங்குகிற வசதி உள்ள இடத்தைப் பார்ப்பது நல்லது. முழு மயக்கம் என்றால் பொதுவாக ஆறு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். காபியும் பாலும் அந்தக் கணக்கில் சேரும். "ஒரு வாய் காபிதானே" என்று மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான். அடுத்த 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் இருக்க வேண்டும்.

மையம் பதிவு பெற்றதா என்று பார்ப்பது எளிது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997, அதன் 2018 விதிகள் ஆகியவற்றின்படி தனியார் கிளினிக் முதல் ஆஸ்பத்திரி வரை எல்லாமே பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழை வரவேற்பறையில் மாட்டியிருக்க வேண்டும். காலாவதித் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். இல்லையென்றாலோ சந்தேகம் என்றாலோ, மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்கலாம், புகாரும் கொடுக்கலாம்.

கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். மறுத்த காரணத்தையும் எந்தப் பாலிசி நிபந்தனை என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் உத்தரவிட முடியும். பில்லில் குளறுபடி, பேக்கேஜில் இல்லாத தொகையைச் சேர்த்தது போன்றவற்றுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. எங்கே போனாலும் முதலில் கேட்கப்போவது பேக்கேஜ் எழுதிக் கொடுத்த அந்தத் தாளைத்தான். ஆபரேஷனுக்கு முந்தைய நாளே அதில் தேதியும் மையத்தின் முத்திரையும் போட்டு வாங்கி, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.